ரகசியப் படத்தை யாரிடம் கொடுத்து வைப்பது? — வாசகர் கேள்வி பதில்

படங்களைப் பாதுகாப்பாகப் பகிர்வது பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை நானே எடுத்துவிட்டேன். ரகசியத்தைக் காப்பது எப்படி என்று கேட்டவர்களின் பெயரை அச்சில் போடுவது முறையில்லை. கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான், அதனால் நடுவே கொஞ்சம் கணக்கு வரும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கூட்டல், கழித்தல், வகுத்தால் வரும் மீதி, இவ்வளவு தெரிந்தால் போதும்.

எங்கள் குலதெய்வக் கோயில் நகைகளையும் உற்சவர் சிலையையும் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம். கல், முத்திரை, எடைச் சீட்டு எல்லாம் தெரியும். எந்த வங்கியில் எந்த லாக்கர் என்ற சீட்டும் ஒரு படத்தில் இருக்கிறது. மொத்தம் ஐந்து பங்காளிக் குடும்பங்கள். ஒருவர் கையில் எல்லாப் படமும் இருப்பதில் மற்றவர்களுக்குச் சம்மதமில்லை. ஐந்து பேரும் சேர்ந்தால்தான் படம் திறக்கும் என்று செய்ய முடியுமா?
— கோயில் கமிட்டிச் செயலாளர், சிவகங்கை மாவட்டம்

முடியும். ஆனால் 'ஐந்து பேரும் சேர்ந்தால்தான்' என்பது மட்டும் வேண்டாம் ஐயா.

2025 நவம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். ரகசியக் குறியீட்டு ஆராய்ச்சியாளர்களுக்கென்று ஓர் உலகச் சங்கம் இருக்கிறது. பூட்டு, சாவி, மறைகுறியீடு என்றே வாழ்கிறவர்கள் அவர்கள். சங்கத்தின் நிர்வாகிகள் தேர்தலை இணையம் வழியே நடத்தினார்கள். ஓட்டுகளைத் திறக்கும் சாவியை மூன்று பொறுப்பாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, மூன்று பங்கும் சேர்ந்தால்தான் திறக்கும் என்று வைத்தார்கள். மூவரில் ஒருவர் தன் பங்கைத் தொலைத்துவிட்டார். அவ்வளவுதான், விழுந்த ஓட்டு எதையும் எண்ண முடியவில்லை. தேர்தலை ரத்து செய்து மறுபடி நடத்தினார்கள். இந்த முறை மூவரில் எந்த இருவர் சேர்ந்தாலும் போதும் என்று விதியையும் மாற்றினார்கள். இதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இப்படி நடக்கும் என்றால், ஐந்து குடும்பங்களில் ஒரு வீட்டில் பென்டிரைவ் தொலைவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ரகசியத்துக்கு இரண்டு கெடுதல் வரலாம். வேண்டாதவர் பார்த்துவிடலாம். வேண்டியவராலேயே பார்க்க முடியாமல் போகலாம். எல்லோரும் முதலாவதற்கு மட்டுமே பயப்படுகிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து யோசித்தால், உங்களுக்கு ஏற்றது 'ஐந்தில் மூன்று'. எந்த மூன்று குடும்பம் சேர்ந்தாலும் திறக்கும், எந்த இரண்டு குடும்பம் கூட்டுச் சேர்ந்தாலும் ஒன்றும் தெரியாது, இரண்டு பங்கு தொலைந்தாலும் மிச்சம் மூன்றை வைத்து மீட்டுவிடலாம். இணையத்தின் பெயர் முகவரிகளுக்கெல்லாம் வேராக இருக்கும் சாவிக்கும் இப்படித்தான் ஏற்பாடு. அதன் காப்பு நகலைத் திறக்கும் பங்குகள் 2010 முதல் பல நாடுகளைச் சேர்ந்த 7 பேரிடம் இருக்கின்றன. 5 பேர் சேர்ந்தால் போதும்.

இந்த வழியை 1979-ல் இரண்டு பேர் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். ஒருவர் அடி ஷமீர், இன்னொருவர் ஜார்ஜ் பிளாக்லி. ஷமீர் தன் கட்டுரையைத் தொடங்குவதே ஒரு பழைய புதிரோடுதான். 11 விஞ்ஞானிகள், அவர்களில் எந்த 6 பேர் வந்தாலும் பெட்டி திறக்க வேண்டும், 5 பேர் வந்தால் திறக்கக் கூடாது. சாதாரணப் பூட்டுகளால் இதைச் செய்ய 462 பூட்டும் ஆளுக்கு 252 சாவியும் வேண்டும். உங்கள் ஐந்து பேருக்கே போட்டுப் பார்த்தேன், 10 பூட்டு, ஆளுக்கு 6 சாவி. ஷமீரின் வழியில் ஆளுக்கு ஒரே ஓர் எண் போதும்.

எப்படி என்று பார்ப்போம். 'மூன்றில் இரண்டு' என்ற சின்னக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. நம் புள்ளி 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் ரகசியம். இப்போது குருட்டாம்போக்கில் ஓர் எண் எடுங்கள், 75 வந்தது. முதல் ஆளுக்கு 120 கூட்டல் 75, அதாவது 195. இரண்டாம் ஆளுக்கு இன்னொரு 75 சேர்த்தால் 270. கூட்டுத்தொகை 251-ஐ எட்டினாலோ தாண்டினாலோ 251-ஐக் கழித்துவிடுவது என்று ஒரு விதி வைத்துக்கொள்வோம், ஆகவே 19. மூன்றாம் ஆளுக்கு 19 கூட்டல் 75, அதாவது 94. பங்குகள் 195, 19, 94. இந்த 75-ஐ அழித்துவிட வேண்டும்.

முதல் ஆளும் இரண்டாம் ஆளும் சந்தித்தால் 19-லிருந்து 195-ஐக் கழிப்பார்கள். மைனஸ் 176 வரும், 251-ஐக் கூட்டினால் 75. அதை 195-லிருந்து கழித்தால் 120, புள்ளி கிடைத்துவிட்டது. வேறு எந்த இருவர் சேர்ந்தாலும் இதே 120 வரும், பென்சிலால் போட்டுப் பாருங்கள். 195 மட்டும் கையில் இருப்பவருக்கு என்ன தெரியும்? ஒன்றுமே தெரியாது. ரகசியம் 0 ஆக இருந்தால் குருட்டு எண் 195, ரகசியம் 100 ஆக இருந்தால் குருட்டு எண் 95. எந்தப் புள்ளிக்கும் பொருந்தும் ஒரு குருட்டு எண் இருக்கிறது, எல்லாம் சம வாய்ப்புள்ளவை. எவ்வளவு பெரிய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தாலும் இதை உடைக்க முடியாது, ஏனென்றால் உடைப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை. எனக்குக் கணிதத்தில் மிகப் பிடித்த இடங்களில் இது ஒன்று.

நேர்கோட்டுக்கு இரண்டு புள்ளி தெரிந்தால் கோடு தெரிந்துவிடும் என்பதுதான் மேலே நடந்தது. உங்களுக்கு வேண்டிய 'ஐந்தில் மூன்று' வருவதற்குக் கோட்டுக்குப் பதில் பரவளைவு, அதாவது வர்க்கம் வரும் சமன்பாடு. அதற்கு மூன்று புள்ளி வேண்டும். 251 ஏன் என்றால், 256-க்குக் கீழே உள்ள மிகப் பெரிய பகா எண் அதுதான். பகா எண்ணாக இருந்தால்தான் வகுத்தல் தடையில்லாமல் நடக்கும். 251 முதல் 255 வரையான புள்ளிகளை 250 ஆக்கிவிடுவார்கள், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதுவும் வேண்டாம் என்றால் 256 எண்களோடும் இழப்பில்லாமல் செய்யும் கணக்கு முறையும் இருக்கிறது.

ஷமீரின் வழியில் ஒவ்வொரு பங்கும் மூலப் படத்தின் அளவே இருக்கும். 2002-ல் தைவானைச் சேர்ந்த தியன், லின் இருவரும் சமன்பாட்டில் குருட்டு எண்கள் இருக்கும் இடங்களிலும் படத்தின் புள்ளிகளையே உட்காரவைத்து, பங்கின் அளவை மூன்றில் ஒரு பங்காக, நான்கில் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டினார்கள். ஆனால் குருட்டு எண் போய்விட்டதல்லவா, அதோடு அந்த முழுமையான பாதுகாப்பும் போய்விடும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒரே மாதிரி இருப்பதால் உருவம் கசியும். அதனால்தான் அவர்கள் முதலில் புள்ளிகளைக் கலைத்துப் போட்டுவிட்டுப் பிறகு பிரித்தார்கள். இடமும் மிச்சமாக வேண்டும், உடைக்கவே முடியாததாகவும் இருக்க வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

சரி, நீங்கள் நாளைக்கே செய்ய வேண்டியது என்ன? படங்களையே பங்கு போட வேண்டாம். எல்லாப் படங்களையும் ஒரே கோப்பில் போட்டுச் செவன்-ஜிப் போன்ற இலவச மென்பொருளில் ஏஇஎஸ்-256 என்ற மறைகுறியீட்டு முறையில் பூட்டு போடுங்கள். கோப்புப் பெயர்களையும் மறைக்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். பூட்டிய கோப்பை ஐந்து குடும்பத்துக்கும் ஆளுக்கொரு பென்டிரைவில் முழுதாகக் கொடுத்துவிடலாம். பூட்டின் பாஸ்வேர்டை மட்டும் 'ஐந்தில் மூன்று' என்று பிரியுங்கள். லினக்ஸில் எஸ்எஸ்எஸ்எஸ் என்ற சின்ன நிரல் இதைச் செய்கிறது, உங்கள் ஊர்ப் பையன்கள் யாராவது கம்ப்யூட்டர் படித்திருந்தால் உட்கார்ந்து செய்துவிடுவார்கள். இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுச் செய்யுங்கள். ஒவ்வொரு பங்கும் ஒரு வரி எழுத்தும் எண்ணும்தான். காகிதத்தில் அச்சடித்து உறையில் ஒட்டிக் கொடுங்கள்.

பிரிப்பவர் கையில் ஒரு நிமிடமாவது முழு ரகசியமும் இருக்கும். அதை ஐந்து பேரும் பக்கத்தில் இருக்கும்போதே செய்யுங்கள். பிரித்த கையோடு, படம் எடுத்த போனில் மூலப் படங்கள் இருக்கின்றனவா, கூகுள் போட்டோஸ் அவற்றை மேலே ஏற்றி வைத்திருக்கிறதா, குப்பைத்தொட்டிப் பகுதியில் கிடக்கிறதா என்று எல்லோர் முன்னாலும் பாருங்கள். கணக்கு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், படம் எடுத்த போன் பூட்டில்லாமல் திரிந்தால் பயனில்லை.

ஒருவர் வேண்டுமென்றே தப்பான பங்கைக் கொடுத்தால்? திறக்காது, யார் கெடுத்தது என்றும் தெரியாது. இதைத் தடுக்க, பிரிக்கும்போதே ஒவ்வொரு பங்குக்கும் எஸ்ஹெச்ஏ-256 என்ற கைரேகை எண்ணை எடுத்து ஐந்தையும் எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். கைரேகையிலிருந்து பங்கைக் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் பங்கு உண்மையானதா என்று சரிபார்க்கலாம். வருடா வருடம் சாமி கும்பிடக் கூடும்போது மூன்று பேர் சேர்ந்து ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு, பென்டிரைவையும் மாற்றிவிடுங்கள். பென்டிரைவ் நெடுங்காலம் தாங்கும் பொருளில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லாக்கர் சீட்டு ரகசியமாக இருக்கட்டும். சிலையின் படத்தை ரகசியமாக்காதீர்கள். திருடுபோன ஸ்ரீபுரந்தான் நடராஜர் சிலை 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்ததற்கு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கோயிலில் வைத்து எடுத்திருந்த பழைய புகைப்படம் முக்கிய ஆதாரமாக இருந்தது. இன்னும் பல சிலைகளின் கதையும் அதுதான். அந்தப் படங்கள் யாரும் பார்க்க முடியாத பெட்டிக்குள் இருந்திருந்தால் 'இது எங்கள் ஊர்ச் சாமி' என்று எதைக் காட்டிக் கேட்டிருப்போம்? சிலையின் படங்களை ஒரு வக்கீலிடமோ காவல் நிலையத்திலோ தேதியோடு பதிந்து வையுங்கள்.

இரண்டு கண்ணாடித் தாளில் வெறும் புள்ளிகள்தான் இருக்கின்றன, ஒன்றன் மேல் ஒன்றை வைத்தால் எழுத்து தெரிகிறது என்று யூடியூபில் பார்த்தேன். இது மேஜிக்கா, நிஜமா? அறிவியல் கண்காட்சியில் வைக்கலாமா மேடம்?
— பதினோராம் வகுப்பு மாணவன், மதுரை

நிஜம், தம்பி. கட்டாயம் வை. இத்தாலியின் பெருஜா நகரில் 1994-ல் நடந்த மாநாட்டில் மோனி நாவோர், மேலே சொன்ன அதே அடி ஷமீர், இருவரும் வெளியிட்ட முறை இது. ஏறத்தாழ இதே யோசனையைக் காஃப்ரி, கெரன் என்ற இருவர் 1987-லேயே ஓர் ஒளியியல் இதழில் எழுதியிருந்தார்கள். பூட்டுவதற்குத்தான் கணக்கு வேண்டும், திறப்பதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், கண் போதும். இதுதான் இதன் அழகு.

கம்ப்யூட்டர் இல்லாமல் கையாலேயே செய்து பார். 8-க்கு 8 கட்டம் போட்டு அதில் 'ட' எழுது. நேர்கோடுகள் மட்டும் உள்ள எழுத்து, கட்டத்தில் சுலபமாக உட்காரும். சில கட்டங்கள் கறுப்பு, மீதி வெள்ளை. இப்போது இரண்டு புதிய தாளை எடுத்து, அதே கட்டங்களை வரைந்து, ஒவ்வொரு கட்டத்தையும் நடுவில் நெடுக்காகக் கோடிட்டு இடது வலது என்று இரண்டாகப் பிரி.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முறை காசு சுண்டு. தலை விழுந்தால் முதல் தாளில் இடது பாதியைக் கறுப்பாக்கு, பூ விழுந்தால் வலது பாதியை. இரண்டாம் தாளுக்கு விதி இது: 'ட' படத்தில் அந்தக் கட்டம் வெள்ளையாக இருந்தால் முதல் தாளில் உள்ளதையே போடு, கறுப்பாக இருந்தால் அதற்கு எதிர்ப்பாதியைப் போடு. அவ்வளவுதான்.

தாள்களை ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் வெள்ளைக் கட்டங்களில் இரண்டு கறுப்புப் பாதியும் ஒரே இடத்தில் விழும், மீதிப் பாதி வழியே வெளிச்சம் வரும். கறுப்புக் கட்டங்களில் ஆளுக்கொரு பாதியை மூடிவிடும், வெளிச்சமே வராது. தனித்தாளைப் பார்ப்பவருக்கோ எல்லாக் கட்டத்திலும் பாதி கறுப்பு, எந்தப் பாதி என்பதைக் காசுதான் தீர்மானித்தது. இரண்டாம் தாள் மட்டும் கிடைத்தாலும் அப்படியே. காசின் தீர்ப்பைத் திருப்பிப் போட்டாலும் அதுவும் ஒரு காசின் தீர்ப்புதானே! நடுவர் கேட்பார், இந்த இடத்தை நன்றாகப் புரிந்துகொண்டு போ.

வெள்ளை ஏன் சாம்பலாகத் தெரிகிறது என்றும் கேட்பார். வெள்ளைக் கட்டத்திலும் பாதி எப்போதும் மூடியே இருக்கும், அதனால் படம் மங்கலாகத்தான் வரும். இந்த முறைக்குக் கொடுக்கும் விலை அது.

கண்காட்சிக்கு அச்சடிக்கும்போது 80-க்கு 80 கட்டம் வைத்துக்கொள். ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டாகப் பிரிக்காமல் நான்காகப் பிரித்து, இரண்டைக் கறுப்பாக்கினால் படம் பக்கவாட்டில் இழுபடாது. சின்னக் கட்டம் 1 மில்லிமீட்டர் என்றால் மொத்தப் படம் 16 சென்டிமீட்டர், ஏ4 ஓஹெச்பி ஷீட்டில் நிற்கும். ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்டருக்கான ஷீட்டா என்று கேட்டுக்கொள், வேறு ரகம் மெஷின் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். இரண்டு தாளையும் ஒரே மெஷினில், ஒரே பக்கமாக விட்டு அடி. சூட்டில் ஷீட் கொஞ்சம் இழுபடும், இரண்டும் ஒரே மாதிரி இழுபட்டால்தான் பொருந்தும். 'தாளுக்கு ஏற்றபடி சுருக்கு' என்று பிரிண்ட் திரையில் வருவதை எடுத்துவிடு. புள்ளியை ரொம்பப் பொடியாக்காதே, அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எழுத்து காணாமல் போகும்.

கண்காட்சியில் கூட்டம் சேர்க்க இன்னொன்று சொல்கிறேன். ஒரே முதல் தாளை வைத்து இரண்டு வெவ்வேறு ரகசியத்துக்கு இரண்டு 'இரண்டாம் தாள்' செய். அப்புறம் அந்த இரண்டு 'இரண்டாம் தாள்'களை மட்டும் ஒன்றன் மேல் ஒன்று வை. இரண்டு ரகசியமும் எங்கெங்கே வேறுபடுகின்றனவோ அங்கெல்லாம் கறுப்பாகத் தெரியும்! முதல் தாளே இல்லாமல் பாதி ரகசியம் வெளியே வந்துவிட்டது. ஒரு சாவியை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தாதே என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

படத்தை ஏஇஎஸ் முறையில் பூட்ட நானே பைத்தானில் எழுதினேன். பூட்டிய பிறகும் படத்தின் உருவம் மங்கலாகத் தெரிகிறது. ஏஇஎஸ் பலவீனமா?
— பொறியியல் மாணவி, கோவை

ஏஇஎஸ் பலவீனம் இல்லை. நீங்கள் 'ஈசிபி' முறையைத் தேர்ந்திருக்கிறீர்கள். அது படத்தை 16 பைட் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் தனியே பூட்டுகிறது. ஒரே மாதிரித் துண்டு உள்ளே போனால் ஒரே மாதிரித் துண்டு வெளியே வரும். வெள்ளைப் பின்னணி முழுக்க ஒரே துண்டுதானே, அதனால் உருவத்தின் விளிம்பு அப்படியே நிற்கிறது. லினக்ஸின் பென்குயின் படத்தை இப்படிப் பூட்டிக் காட்டுவது பாடப்புத்தக உதாரணமாகவே ஆகிவிட்டது. ஒரே மாதிரித் துண்டுகளும் வேறு வேறாக வெளியே வரும் 'ஜிசிஎம்' முறைக்கு மாறுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் புதிய தொடக்க எண் கொடுங்கள், பழையதைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

பட்டுச் சேலைக்குப் புது பார்டர் டிசைன் வரைந்து, ஜக்கார்டு அட்டை அடிப்பவருக்கும் இரண்டு தறிக்காரர்களுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். சேலை தறியிலிருந்து இறங்குவதற்குள் அதே பார்டர் வேறு கடையில் தொங்குகிறது. பங்கு பிரிக்கும் முறை எனக்கு உதவுமா?
— டிசைனர், காஞ்சிபுரம்

உதவாது. மனசு வருத்தத்தோடுதான் சொல்கிறேன். பங்கு பிரிப்பதும் பூட்டுவதும் படம் போய்ச் சேரும் வரைக்கும்தான் காக்கும். அட்டை அடிப்பவர் டிசைனைப் பார்த்தே ஆக வேண்டும், பார்த்தவர் அதை நகல் எடுக்கலாம். இந்த உண்மையை எந்தக் கணக்காலும் மாற்ற முடியாது.

ஆனால் யாரிடமிருந்து கசிந்தது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மூன்று பேருக்கும் ஒரே கிராஃபை, அதாவது கட்டம் கட்டமாக வரைந்த டிசைனை, அனுப்பாதீர்கள். ஒருவருக்கு அன்னத்தின் வால் நுனியில் ஒரு கட்டம் கூடுதல், இன்னொருவருக்குக் கொடியின் வளைவில் ஒரு கட்டம் குறைவு, மூன்றாமவருக்குப் பூவின் நடுப்பொட்டு ஒரு கட்டம் தள்ளி. நெசவில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் எந்தக் கட்டத்தை யாருக்கு மாற்றினீர்கள் என்று நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். கடையில் தொங்கும் சேலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதுவே சொல்லிவிடும். வரைபடம் போடுகிறவர்கள் வெகுகாலமாகச் செய்வது இது. 1930-களில் அமெரிக்க வரைபட நிறுவனம் ஒன்று நியூயார்க் மாநிலப் படத்தில் 'அக்லோ' என்ற இல்லாத ஊரை வைத்தது, யாராவது காப்பி அடித்தால் காட்டிக்கொடுப்பதற்காக.

படத்தின் புள்ளிகளுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் பெயரைப் பதிக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. அவற்றில் எளிமையானவை ஒவ்வொரு புள்ளியின் கடைசி பிட்டில் எழுதுபவை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கியதும் அது அழிந்துவிடும். கிராஃபைப் பார்த்து மறுபடி வரைந்தாலும் அழிந்துவிடும். கட்டத்தில் போட்ட அடையாளம் மட்டும் துணி வரைக்கும் போகும்.

டிசைன் சட்டம், 2000-ன் கீழ்ப் பதிவும் செய்யுங்கள். 10 வருடப் பாதுகாப்பு, பிறகு 5 வருடம் நீட்டிக்கலாம். வெளியே காட்டுவதற்கு முன்னால் விண்ணப்பிக்க வேண்டும், அது முக்கியம். காஞ்சிபுரம் பட்டுக்கு இருக்கும் புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும், உங்கள் அன்னத்தைக் காக்காது.

அம்மாவின் ஸ்கேன் படங்களைக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு ஒரு குழுவில் போட்டு ஆலோசனை கேட்டேன். அம்மாவின் பெயர் அதில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். எப்படி?
— வாசகர், திருச்சி

ஸ்கேன் சென்டரில் கொடுக்கும் சிடியில் இருப்பது 'டைகாம்' வகைக் கோப்பு. படத்தோடு நோயாளியின் பெயர், வயது, அடையாள எண், தேதி எல்லாம் உள்ளே எழுதப்பட்டிருக்கும். வெளியே பெயரை மாற்றினாலும் உள்ளே மாறாது. சிகிச்சை பார்க்கும் மருத்துவருக்கு அனுப்பும்போது பெயர் இருக்கத்தான் வேண்டும், மாறிப்போனால் ஆபத்து. வெளியாட்களிடம் காட்டுவதானால், டைகாம் பார்க்கும் மென்பொருளில் அடையாளங்களை நீக்கும் வசதி இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். அல்ட்ராசவுண்ட் படங்களில் பெயர் படத்தின் மேலேயே அச்சாகியிருக்கும், அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அம்மா நலம்பெற வேண்டுகிறேன்.

கணவர் துபாயில் இருக்கிறார். அந்தரங்கமான படங்களை 'ஒரு முறை மட்டும் பார்க்கும்' வசதியில் அனுப்புகிறேன். பாதுகாப்பா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
— வாசகி, ஊர் வேண்டாம்

கூச்சப்பட எதுவுமில்லை அம்மா. கணவன் மனைவிக்கு நடுவில் உள்ளது அது.

வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரல் முதல் செய்திகளும் படங்களும் இரு முனைக்கும் இடையே பூட்டப்பட்டே போகின்றன. வழியில் யாரும் பார்க்க முடியாது. 'ஒரு முறை மட்டும்' வசதி 2021-ல் வந்தது, அதைத் திரைப்பிடிப்பு எடுப்பதை 2022-ல் தடுத்தார்கள். ஆனால் இன்னொரு போனின் கேமராவால் திரையைப் படம் எடுப்பதை எதுவும் தடுக்காது. ஆகவே, அது அவர் மேல் உள்ள நம்பிக்கைக்குத் துணையாக நிற்கும், நம்பிக்கைக்குப் பதிலாக நிற்காது. அவர் அறையில் கூட இருப்பவர்கள் எத்தனை பேர், போனைப் பகிர்ந்துகொள்கிறாரா என்று பேசிக்கொள்ளுங்கள். உங்கள் போனில் படத்தை எடுத்த மூலம் கேலரியிலும் கூகுள் கணக்கிலும் தங்கியிருக்கும், பிள்ளைகள் விளையாடும் போன் அது. வாட்ஸ்அப்புக்குள்ளேயே உள்ள கேமராவில் எடுங்கள், பிறகு கேலரியைப் பாருங்கள். முகமும் அடையாளம் தெரியும் பொருளும் இல்லாமல் எடுப்பது எல்லாவற்றிலும் நல்ல பாதுகாப்பு.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது படம் ஏற்கெனவே வெளியே போயிருந்தால், அவர்களுக்கும் சொல்ல வேண்டும். குற்றம் பரப்பியவர் மேல்தான். படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்பியது குற்றம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு விளக்கமாகவே சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் 3 வருடம் வரை சிறையோ 2 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. 1930 என்ற எண்ணில் சைபர் குற்ற உதவி கிடைக்கும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். படத்தையும் மிரட்டல் செய்திகளையும் பதற்றத்தில் அழித்துவிடாதீர்கள், அவைதான் ஆதாரம்.

சம்மதமில்லாமல் அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க 'ஸ்டாப் என்சிஐஐ' என்று ஓர் இலவச ஏற்பாடு 2021 இறுதியிலிருந்து நடக்கிறது. 18 வயது நிரம்பியவர்களுக்கு. உங்கள் போனிலேயே படத்திலிருந்து ஒரு கைரேகை எண்ணைக் கணக்கிடுகிறது. படம் போனை விட்டு வெளியே போவதில்லை, எண் மட்டுமே போகிறது. இதில் சேர்ந்துள்ள ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள், அந்த எண்ணோடு பொருந்தும் படம் ஏற்றப்பட்டால் கண்டுபிடித்து எடுத்துவிடலாம். படத்தை ஒருவரிடமும் காட்டாமலே 'இதைத் தடுத்து வையுங்கள்' என்று சொல்ல முடிகிறது. எனக்குத் தெரிந்த கணிதப் பயன்பாடுகளில் இத்தனை கருணையானது வேறில்லை. வாட்ஸ்அப் போலப் பூட்டிப் போகும் உரையாடல்களுக்குள் மட்டும் இது எட்டாது.

ஆதார் அட்டையைப் போட்டோ எடுத்து, எண்ணை போன் பேனாவால் கறுப்பாக அடித்து அனுப்பினால் போதுமா?
— வாசகர், வேலூர்

போதாது. பல போன்களில் அந்தக் கறுப்புப் பேனா முழுக் கறுப்பு இல்லை, மார்க்கர் போல ஒளி ஊடுருவும். வெளிச்சத்தைக் கூட்டினால் எண் தெரிந்துவிடும். பிடிஎஃப்பில் கறுப்புக் கட்டம் வைத்தால் அது மேலே ஒட்டிய தாள் மாதிரி, கீழே எழுத்து அப்படியே இருக்கும். வெட்டியதையும் முழுசாக நம்ப முடியாது. பிக்சல் போன்களில் திரைப்பிடிப்பை வெட்டிச் சேமித்தபோது, வெட்டி எறிந்த பகுதியின் தரவு கோப்பின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது 2023 மார்ச்சில் தெரியவந்தது. விண்டோஸின் படம் வெட்டும் கருவியிலும் அதே கோளாறு. இரண்டையும் திருத்திவிட்டார்கள், ஆனால் அதற்கு முன் அனுப்பிய படங்கள் அனுப்பியவைதான்.

ஆதாருக்கு நேரான வழியே இருக்கிறது. ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து 'மாஸ்க்டு ஆதார்' இறக்கிக்கொள்ளுங்கள், கடைசி 4 எண்கள் மட்டுமே இருக்கும். வேறு ஆவணங்களுக்கு, மறைக்க வேண்டிய இடத்தில் காகிதத்தை வெட்டி வைத்து மூடிவிட்டுப் புதிதாகப் போட்டோ எடுங்கள். கேமரா பார்க்காத எண் கோப்பில் இருக்காது. எடுக்கும் முன் கேமராவின் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். 2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த, வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர் பெற்ற ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பதை, ஒரு பத்திரிகை வெளியிட்ட போட்டோவுக்குள் இருந்த ஜிபிஎஸ் எண்கள்தான் ஊருக்குச் சொல்லின.